பச்சையாக வெட்டிய கொடி

என் அன்பே,

பீர் காய்ச்சவென்று ஏப்ரலில் நீ வேர் நட்ட ஹாப்ஸ் கொடி, கயிற்றைப் பற்றிக் கூரைவரை ஏறியிருந்தது. முதல் வருடமல்லவா, பூ ஒரு கைப்பிடிதான். இலை பழுக்கும்வரை வெட்டாதே, வேர் வலுக்காது என்றாயே. நான் தொடவே இல்லை.

அலாஸ்காவில் உன் படகைத் தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை உனக்கான இரங்கல் பிரார்த்தனைக்கு ஆட்கள் வருவார்கள் என்று உன் தம்பி ஆர்னே நேற்று தோட்டத்தைச் சுத்தம் செய்தான். கொடியைப் பச்சையாகவே அடியோடு வெட்டிவிட்டான்.

"உங்க அண்ணன் வந்து கேட்டா என்னடா சொல்லுவ?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"வந்து கேக்கட்டும் அண்ணி," என்று கத்தரியைப் போட்டுவிட்டு அழுதான். "ரெண்டு அடி வேணும்னாலும் அடிக்கட்டும்."

வேரை மண்ணால் மூடியிருக்கிறேன். பிரார்த்தனைக்கு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். நீ வா. வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டு.

உன் மனைவி