தூரமோ என்று மட்டும் கேட்டேன்

பீலெஃபெல்ட், ஜேர்மனி,
தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு

அன்பு மகன் கவிஷனுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் நீ வீடாக்கிக் குடியிருக்கும் அந்த வான் வண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைக்கத் தொடங்கினால் உனக்கு மீற்றிங் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் இன்டர்நெட் அறுந்துவிடுகிறது, இரண்டும் இல்லாவிட்டால் சாப்பிட்டாயோ என்று கேட்டுவிட்டு நானே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் உன் தங்கச்சி தக்சாயினி இதைப் படம் பிடித்து அனுப்புவாள். சனிக்கிழமைகளில் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை இன்றைக்குத்தான் அனுபவிக்கப் போகிறேன், ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

இந்த முறை பொங்கலன்று நல்ல பனி. பால்கனியில் வைத்த பானை பொங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது, கடைசியில் குசினி அடுப்பில்தான் பொங்கியது. கோவிலில் கலாதேவி அன்ரி அம்மாவைப் பிடித்து, உங்கட மகனுக்கு வேலை போட்டுதாமோ, வானுக்கை படுக்கிறாராம் என்று கேட்டாராம். அம்மா விடுவாளா, வேலை எங்கையும் போகேல்லை, அவன்தான் வேலையையும் கூட்டிக்கொண்டு ஊர் சுத்துறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் முகம் சரியில்லை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு உன்னிடமிருந்து அழைப்பும் குறைந்துவிட்டது, எங்கே நிற்கிறாய் என்று அவள் கேட்டாலும் தெற்கிலை என்று மட்டும் சொல்கிறாயாம். தொலைக்காட்சியில் காலநிலை சொல்லத் தொடங்கினால் எங்கள் வாயை அடைத்துவிடுகிறாள். நிற்கும் இடம் தெரியாததால் ஸ்பெயினில் காற்று என்றாலும் கவலை, இத்தாலியில் மழை என்றாலும் கவலை, கிரேக்கத்தில் பனி என்றாலும் கவலை. ஒரு பிள்ளைக்காக முழுத் தென் ஐரோப்பாவையும் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள்.

போன கிழமை தக்சாயினிதான் காரணத்தைச் சொன்னாள். சொல்லவேண்டாம் என்று நீ மறித்தாயாம், அவளைத் திட்டாதே, பாவம், அழுதுகொண்டுதான் சொன்னாள். நான் வெளிக்கிடேக்கை எங்கை போறாய் எண்டு அப்பா ஒருக்காக்கூடக் கேக்கேல்லை, நான் எங்கை போனாலும் அவருக்கு ஒண்டுதான் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ புறப்பட்ட நாளை நினைத்துப் பார்த்தேன். வானின் நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன், தேங்காய் உடைத்தேன், கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா யன்னலால் எட்டிப் பார்த்ததையும் பொருட்படுத்தவில்லை. பிறகு தூரமோ என்று மட்டும் கேட்டேன். நீ, ஓம் அப்பா, தூரம்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கியபடி கொஞ்ச நேரம் நின்றாய். நான் அடுத்ததாக ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறாய், அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் ஆட்களிடம் ஆகாது மகன், போகிற காரியம் தடைப்படும் என்பார்கள். அதனால்தான் தூரமோ என்று கேட்டு நிறுத்திக்கொள்வோம், போகிறவர் விரும்பினால் தானாகச் சொல்லுவார். இதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லித்தரவில்லை, இங்கே பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவும் இல்லை.

மூடநம்பிக்கை என்று சிரிப்பாய், சிரி. ஆனால் தபோதரனைப் பற்றி நான் உனக்குச் சொன்னதே இல்லை. நானும் அவனும் ஒன்றாகப் படித்து ஒன்றாகத்தான் நாட்டை விட்டு வந்தோம். கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து இறங்கும்போது படியில் நின்ற ஒருவர், தம்பிமார் எங்கை பயணம் என்று கேட்டார். நான் பேசாமல் இறங்கினேன். தபோதரன் மரியாதைக்காரன், திரும்பி நின்று, ஜேர்மனிக்கு அண்ணை என்று சிரித்தபடி சொன்னான். அதன் பிறகு, களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர் எத்தனையோ இடங்களில் காத்திருக்க வைத்து, நடு மாரிக் குளிரில் ஒரு மூடிய லொறிக்குள் எங்களை ஏற்றினார்கள். நீ யன்னலைத் திறந்து படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பும் மலைகளை நாங்களும் கடந்துதான் வந்திருப்போம், ஒன்றையும் கண்ணால் காணவில்லை. உள்ளே ஒரே இருட்டு, மூச்சு முட்டும். தபோதரன் என் தோளில் சாய்ந்து நித்திரையானான். கதவைத் திறந்தபோது அவன் எழும்பவில்லை. குளிரோ, காற்றில்லாமலோ, யாருக்குத் தெரியும். அவனை அங்கேயே இறக்கிவிட்டு எங்களைக் கொண்டுவந்தார்கள், அது எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இங்கே வந்து சேர்ந்த பிறகு அவனுடைய தாய் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என்ரை பிள்ளையை எங்கை தம்பி விட்டனீங்கள் என்று.

படியில் நின்றவர் கேட்ட கேள்வியால் ஒருவன் சாகமாட்டான் என்று எனக்கும் தெரியும். புத்திக்குத் தெரிகிறது, ஆனால் என் பிள்ளை வெளிக்கிடும்போது அந்தக் கேள்வி என் வாயில் வராது. குளிர்காலத்தில் வானுக்குள் படுக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் எழும்பி அறைக்குள் போனதும் இதனால்தான். கோபம் என்று நினைத்திருப்பாய். எனக்குப் பயம் மகன், வேறொன்றும் இல்லை.

திரும்பி வா என்று சொல்லமாட்டேன். பகலில் வேலை, பின்னேரம் கடல், எல்லையில் யாரும் மறிக்காத பாஸ்போட், இது உனக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சொல்வதை மட்டும் கேள். ஹீற்றர் போட்டால் மேல் யன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும், எவ்வளவு குளிர் என்றாலும் சரி. இருட்டினால் மலைப்பாதையில் வானை ஓட்டாதே. லப்டொப்புக்கு முன்னால் இருந்து வெறும் பாண் துண்டை மட்டும் கடித்துக்கொண்டு இராதே, ஒரு நேரமாவது சோறு சமை. வானுக்குள் நச்சுக்காற்று சேர்ந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கிவிட்டேன், அம்மா அதைச் சுற்றி முறுக்கும் மிளகாய்த்தூளும் அடைத்துப் பெட்டியைக் கட்டிவிட்டாள். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டு.

முருகன் உன் வானுக்கு முன்னால் போகட்டும், நீ அவருக்குப் பின்னால் மெதுவாகப் போ. அம்மாவின் முத்தமும் தங்கச்சியின் அன்பும். பெட்டி ஐந்து நாளாக மேசையில் கிடக்கிறது, உன் பெயரை எழுதிவிட்டேன், அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. ஒரு காம்பிங் இடமோ, ஒரு கடையோ, எதுவானாலும் ஒரு விலாசம் சொல்லு. நீ இப்போது வெளிக்கிடவில்லை, எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் இதை வாசிக்கிறாய் என்று நம்பிக் கேட்கிறேன், எங்கை மகன் நிக்கிறாய்?

உன் அப்பா,
சிறீதரன்