ஒன்பது மதிப்பெண் வாங்கிய கடிதம்

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே அப்பா நலம், நானும் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேனே என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நமக்குள் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று சட்டம் போட்டவளே நான்தான், ஆனால் இந்த விஷயத்தை அந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே நல்ல வாக்கியம் தேட ஆரம்பித்துவிடுவேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் நொண்டுகிறார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நானே சரி பண்ணுகிறேன் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், வாளிதான் நிரம்புகிறது.

நம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இந்த வருடம் டியூஷனுக்கு எட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் பத்து வயது, ஆங்கில எழுத்துத் தேர்வுக்கு இன்னும் ஒன்பதே நாள். கடிதக் கேள்விக்கு உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பழைய பாடம்தான், முதல் பத்தியில் நலம், இரண்டாவதில் சுற்றுப்புறம், மூன்றாவதில் ஒரு சந்தோஷமான செய்தி, கடைசியில் அன்பு. மாதிரிக்கு ஒன்று வேண்டுமே என்று உன் கடிதக் கட்டைப் பிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நீ எழுதியதில் ஒன்று அப்படியே என் பாடத்தை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், பேரை மறைத்து எட்டு ஜெராக்ஸ் எடுத்தேன். இது என் மகள் எழுதியது என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அதுவே தப்பு, அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

பிள்ளைகளில் பஸ் டிரைவர் மகள் ஒருத்தி, நாங்கள் வைத்த பேர் கேள்விப்பெட்டி. மற்றவர்கள் தலையாட்டி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்க இவள் மட்டும் தாளை வெறித்துப் பார்த்துவிட்டு, மிஸ், இந்த அக்கா மரத்தோட உச்சிய எழுதியிருக்காங்க, மேகத்த எழுதியிருக்காங்க, மேல இருக்கிற விளக்க எழுதியிருக்காங்க, கீழ இருக்கிறது ஒண்ணுமே இல்லையே, படுத்துக்கிட்டேவா எழுதினாங்க என்று கேட்டாள். பத்தியப் பாரு, மரத்தப் பாக்காத என்று அதட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவர்கள் போன பிறகும் மனசு எதிலும் ஒட்டவில்லை.

உன் அண்ணனுக்குப் போன் போட்டு இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அம்மா, அது அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப எழுதினது என்றான். வயிற்றில் ஆபரேஷன், பதினோரு நாள், கூட இருந்தது உன்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மட்டும். அம்மாவுக்குப் பரீட்சை நேரம், சொல்லாதண்ணா என்று நீ அவனிடம் சத்தியம் வாங்கினாயாம். நன்றாக ஓய்வெடுக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததை நான் லீவு போட்டுவிட்டு ஜாலியாக இருக்கிறாய் என்று நினைத்தேன். அப்பாவிடம்கூட, பாருங்க உங்க பொண்ணுக்கு வந்த வாழ்வ என்றேன். ஊரான் பிள்ளை ஒரு நிமிஷத்தில் படித்ததைப் பெற்றவள் இரண்டு வருடமாகப் படிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் எட்டுப் பிரதிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் மிஸ், கடிதம் தப்பா என்றாள் கேள்விப்பெட்டி. கடிதம் சரிதான், திருத்தினவங்கதான் தப்பு என்றேன். பரீட்சைக்கு நாலு பத்தி எழுதுங்க, பாஸாகணும் இல்லையா, வீட்டுக்கு எழுதும்போது உடம்பு சரியில்லன்னா முதல் வரியிலேயே எழுதுங்க, அதுக்கு யாரும் மார்க் போடக்கூடாது என்றும் சொன்னேன். கேள்விப்பெட்டி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உன் மூலக் கடிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. மூலையில், அது வந்த அன்றைக்கே நான் சிவப்பு மையில் போட்ட பத்துக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் தெரியுமா, எழுத்தெல்லாம் சாய்ந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து எழுது என்று பதிலில் வேறு அறிவுரை அனுப்பினேன். உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. அதற்கு அடுத்து வந்த உன் கடிதத்தையும் தேடி எடுத்துப் பார்த்தேன், குட்டிம்மா. ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. தையல் போட்ட வயிற்றோடு எனக்காக நிமிர்ந்து உட்கார்ந்தாயா?

வலி தெரியாத உடம்போடும் உன்னைப் புரிந்துகொள்கிற மனிதர்களோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. பதில் எழுத மறக்காதே, படுத்துக்கொண்டே எழுது.

இனிமேல் திருத்தாமல் படிக்க மட்டுமே போகிற,
உன் அம்மா