வரிசை எண் பதினேழு

ஜனவரி 6, 2025 – திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. இரண்டரை மாதத்துக்குத்தான். ஆனாலும் வேலை வேலைதானே.

அடுத்த மாதம் பதினாறாம் தேதி மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மாரத்தான் ஓட்டம் நடத்துகிறார்கள். ஆறாயிரம் பேர் ஓடுவார்களாம். அதனால் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு எவ்வளவு வருமானம் கூடுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை. எங்கள் ஊரை ஒட்டிய மூன்று கிலோமீட்டர் சாலை என் பொறுப்பு. மேலாளர் கலைவாணன், சென்னைக்காரர், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார். என் போட்டோ போட்டது. பஸ்ஸில் வரும்போது அதைக் கழற்ற மனசே வரவில்லை.

அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவனோ ஓடறான், உனுக்கு இன்னாத்துக்குடி சம்பளம்?" என்றாள். சொல்லிவிட்டு என் போட்டோவை முந்தானையால் துடைத்தாள்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, ஞானம்மாள் அக்காவுக்கு இருபது. அன்றிலிருந்து அவள் ஊற்றிய இட்லியில்தான் வளர்ந்தேன், அதில்தான் பி.காம். படித்தேன், மூன்று வருஷமாக வேலையில்லாமல் அதையே தின்றுகொண்டும் இருக்கிறேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை அவள். கேட்டால், "மாவு பொங்கி வழியுது, அப்புறம் பேசு" என்பாள்.

ஜனவரி 8 – புதன்

கால் வலி. ஆனால் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் ஊரில் யாராவது நோட்டும் கையுமாக வந்து பேர் எழுதினால் அது நிவாரணம். சுனாமிக்கு எழுதினார்கள், புயலுக்குப் புயல் எழுதினார்கள். பட்டியலில் பேர் இருந்தவனுக்கு அரிசி, போர்வை, பணம். விட்டுப்போனவன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தான். அதனால் இன்று சாலையில் கடையே வைத்திராதவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள் வேர்க்கடலை வறுக்கிறவர், ஒரு மேஜையைத் தூக்கிவந்து தார் ரோட்டோரம் போட்டு, "எழுது" என்றார். பஞ்சர் ஒட்டும் சாலமோன் அண்ணன் வாசலில் கிடந்த டயர்களை எல்லாம் சாலை வரைக்கும் உருட்டி வந்து அடுக்கிவிட்டார்.

"அண்ணா, இது சும்மா கணக்கெடுப்பு. எதுவும் தரமாட்டாங்க" என்றேன்.

"எழுதிக்கினு போனா இன்னாவோ கீது. நீ எழுதும்மா, பெருசா எழுது."

எனக்கும் உள்ளுக்குள் ஆசை இல்லாமல் இல்லை. பட்டியலில் இருக்கும் கடைகளுக்கு, ஓட்டம் நடக்கிற அன்று முடிகிற இடத்திலேயே ஸ்டால் போட இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று கலைவாணன் சொல்லியிருக்கிறார். ஆறாயிரம் பேருக்குப் பசிக்காதா?

ஆனால் ஒரு நிபந்தனை. சாலையோரத்தில் உள்ள கடை மட்டும்தான் எழுத வேண்டும். அக்காவின் கடை சந்துக்குள் மூன்றாவது வீடு – எங்கள் வீடு. முன்னால் இறக்கிய ஷீட்டுக்கடியில் அடுப்பு.

ஜனவரி 10 – வெள்ளி

இரண்டு நாளாக அவளிடம் கெஞ்சல்.

"என் ஜனங்க சந்துக்குள்ள வந்து துண்ட்டுகினு போவுது. எனுக்கு எதுக்குடி ரோடு?"

"அக்கா, உன் வடைகறிக்கு ரோட்டுல நின்னா கார்க்காரன் வருவான். நீ எப்பதான் முன்னுக்கு வர்றது?"

"நீ வந்தா போதாதா?"

இதற்கெல்லாம் மசிந்தால் நான் ஹெலன் இல்லை. சம்பள முன்பணத்தை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய் ஒரு பழைய தள்ளுவண்டி வாங்கி வந்துவிட்டேன். நீலப் பெயிண்டும் நானே அடித்தேன். இனி அவளால் மறுக்க முடியாது. எனக்குத் தெரியும், என் காசு வீணாவதை அவள் தாங்கமாட்டாள்.

ஜனவரி 11 – சனி

எழுதிவிட்டேன். வரிசை எண் 17. ஞானம்மாள். நாஸ்தா கடை. சாலையோரம்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். பட்டியலைக் கலைவாணனிடம் கொடுத்தேன். "பிரமாதமான வேலை மேடம்" என்றார்.

ஜனவரி 26 – ஞாயிறு

நான் சொன்னது பலித்தது! காலை ஏழு மணிக்கே கார் வரிசை. அக்கா தினம் கூடுதலாக இரண்டு படி அரிசி ஊறப்போடுகிறாள். ஒருத்தர் வடைகறியைப் பார்சல் கட்டிக்கொண்டு மதுராந்தகம் வரை போனாராம். அக்கா அதை எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு எல்லம்மாள் வந்து கேட்டாள்: "சந்துல இப்ப நாஸ்தாக்கு ஆளில்லயே, நான் போட்டுக்கட்டா ஞானம்?" அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போட்டுக்க. கொத்தனாருங்க ஆறு மணிக்கு வருவாங்க, சட்னில காரம் கம்மி பண்ணாத" என்று பழைய இட்லிக் குண்டானையும் தூக்கிக் கொடுத்தாள்.

இன்று கோயிலிலிருந்து திரும்பும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். சின்ன வயதுக்கப்புறம் இப்போதுதான்.

பிப்ரவரி 12 – புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்ல?

ஒன்பதரை மணிக்கு ஒரு லாரி, ஒரு ஜேசிபி, முன்னால் ஓர் அரசாங்க ஜீப். ஜீப்பிலிருந்தவர் மைக்கைப் பிடித்துப் பேர் படிக்க ஆரம்பித்தார். "வரிசை எண் ஒன்று. சாலமோன். பஞ்சர் கடை."

பேர் படித்தால் எங்கள் ஜனங்கள் என்ன செய்யும்? ஓடி வந்தது. ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, கையில் பை. "நான் சொல்லல? குடுக்கறாங்க பாரு" என்று சாலமோன் அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டார். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். நானும் – ஐயோ, நானும் சிரித்துக்கொண்டு நின்றேனே.

"வரிசை எண் பதினேழு. ஞானம்மாள்."

அக்கா குழாயடியிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கையைத் தூக்கினாள். "பதினேழு நான்தான் சார்."

"எது உன் வண்டி?"

அவளே காட்டினாள். "தோ, அந்த நீலம்."

ஓட்டம் வரும் பாதையாம். டிவியில் காட்டுவார்களாம். சாலையோரம் ஒன்றும் இருக்கக் கூடாதாம். அந்த நீலத்தை நாலு பேர் தூக்கினார்கள். மாவுக் குண்டான் கவிழ்ந்து ரோட்டில் வெள்ளையாக ஓடியது. அதன்மேல்தான் ஜேசிபி ஏறிப் போயிற்று. நான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, "சார், இது சர்வே லிஸ்ட் சார்" என்று கத்தினேன். அவர் காகிதத்தை நீட்டினார். "இதான்மா எங்ககிட்ட குடுத்தாங்க. சாலையோரக் கடைன்னு தெளிவா எழுதியிருக்கு."

ஜெராக்ஸ். என் கையெழுத்து. 'ழ'வின் வாலை நான் நீட்டி இழுப்பது ஊருக்கே தெரியும். அக்காவுக்குத் தெரியாதா? ராத்திரி ராத்திரியாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள். காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

லாரிக்காரனிடம்தான் சொன்னாள்: "அடுப்ப மட்டும் எறக்கிக்கறேன்பா. சுடும், கைய வச்சிடப்போற."

கலைவாணனுக்குப் போன் செய்தேன். "கேட்டாங்க, குடுத்தோம் மேடம். அவங்களுக்குன்னு தனியா லிஸ்ட் எடுக்க நேரமில்லையாம். உங்க லிஸ்ட் ரொம்பத் தெளிவா இருந்துச்சுன்னு பாராட்டினாங்க."

பிப்ரவரி 13 – வியாழன்

சாலமோன் அண்ணன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். அக்கா கத்தினால்கூடத் தேவலை.

பிப்ரவரி 16 – ஞாயிறு

ஓட்டம் நடந்து முடிந்தது.

ஐந்தரை மணிக்கே சாலையை அடைத்துவிட்டார்கள். ஆரஞ்சு பனியன், ஆரஞ்சு பனியன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நல்ல மனிதர்கள்தான். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். எங்கள் சின்னப் பிள்ளைகளும் கைதட்டின. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பந்தல், அதில் வாழைப்பழம், பாட்டில் தண்ணீர், சென்னையிலிருந்து லாரியில் வந்த பன். முடிகிற இடத்தில் ஸ்டால்கள் இருந்தன. எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. ஒன்பதரைக்குள் ஓடியவர்களெல்லாம் பஸ்களில் ஏறிப் போயே விட்டார்கள்.

நடுவில் நொண்டிக்கொண்டு வந்த ஒருத்தர் சந்துமுனையில் உட்கார்ந்து, "அம்மா, இங்க டீ, டிபன் ஏதாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றாள் அக்கா. சாலையை அடைத்ததால் கொத்தனார்கள் வரவில்லை, எல்லம்மாளும் அடுப்பு மூட்டவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கால் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு எல்லம்மாளிடம், "யாரும் தொரத்தல, எதுக்கு இப்டி ஓடறான் பாவம்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 21 – வெள்ளி

இரண்டாவது கணக்கெடுப்பு. படிவத்தில் ஒரே கேள்விதான் பெரிதாக இருக்கிறது: 'ஓட்டத்தால் கிடைத்த கூடுதல் வருமானம் எவ்வளவு?' குறைந்ததை எழுத இடமே இல்லை.

நாற்பத்தொன்றில் முப்பது கடை இல்லை. மிச்சம் பதினொன்று: இரண்டு பெரிய ஓட்டல், லாட்ஜ், பெட்ரோல் பங்க், மெடிக்கல் – எல்லாம் கட்டடம் உள்ளவர்கள். கலைவாணனிடம் கேட்டேன். "மூடின கடையை அடிச்சிடுங்க மேடம். இல்லாத கடைக்கு எப்படி வருமானம் கேப்பீங்க?"

இரண்டாவது தவணைச் சம்பளம் வந்தால் அக்காவுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், சத்தியமாக.

பதினேழை அடித்தேன். எழுதினதும் நான், அடித்ததும் நான்.

மார்ச் 5 – புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு எல்லம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "சந்து யாவாரத்த நீயே எடுத்துக்க ஞானம். எனுக்கு பேஜாரா கீது" என்று குண்டானைக் கீழே வைத்தாள். அக்கா அதைத் தூக்கி அவள் இடுப்பிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

அவள் போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா? அவளே குடுக்குறா, வாங்கிக்கவேண்டியதுதானே?"

மூன்று வாரத்தில் முதல் முறையாக என்னோடு பேசினாள்.

"ரெண்டு பொண்ண வச்சிகினு கீறா. குட்த்தத புடுங்கச் சொல்றியா? அது எனுக்கு வராது."

'எனுக்கு' என்று சொன்னதில் ஒரு அழுத்தம் இருந்ததா? இல்லை, நானாகக் கற்பனை செய்கிறேனா? இரவு முழுக்க அந்த ஒரு சொல்லையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7 – வெள்ளி

அபராதம் கட்டி வண்டியை எடுக்கப் போனேன். சக்கரம் இல்லை. பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நீலம் மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது.

மார்ச் 21 – வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. வழவழ காகிதம், கலர் படம். 'கடலோர மக்களின் வாழ்வில் ஒளி.' கடை ஒன்றுக்குச் சராசரி வருமானம் நாற்பத்திரண்டு சதவீதம் உயர்ந்திருக்கிறதாம். பொய் இல்லை. பதினொரு கடைக்கு அது சரிதான். முப்பது பேரை எடுத்துவிட்டால் எந்த ஊரும் பணக்கார ஊர்தான். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் பேரும் இருக்கிறது.

சம்பளத்தில் அக்காவுக்குப் புது இட்லிப் பாத்திரம் வாங்கினேன். எவர்சில்வர், ஐந்து தட்டு. "வச்சிரு" என்றாள். அட்டைப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

ஏப்ரல் 22 – செவ்வாய்

ஈஸ்டருக்குத்தான் அக்கா காத்திருந்தாள் போலிருக்கிறது. கூடுவாஞ்சேரியில் பெண்கள் ஹாஸ்டல் சமையலறையில் வேலை. அங்கேயே தங்கல். எனக்கே இன்று காலைதான் தெரியும். ஒரு பை, ஒரு பைபிள். பஸ் வந்தது.

"அரிசி டின்னுல கீது. சிலிண்டரு வர்றப்ப கேஸு பொஸ்தகம் பீரோ மேல கீது. கதவ நல்லா சாத்திக்க."

போகாதேக்கா என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வேன்?

மே 4 – ஞாயிறு

நானே மாவு அரைத்து இட்லி ஊற்றினேன். கல் மாதிரி வந்தது. அழுதுகொண்டே இரண்டு தின்றேன்.

ஜூன் 19 – வியாழன்

கலைவாணன் போன் செய்தார். அடுத்த வருஷ ஓட்டம் இன்னும் பெரிதாம். "உங்களை மாதிரி ஊர் ஜனங்க நம்புற ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம்" என்றார். வேறு ஆள் பாருங்கள் சார் என்று வைத்துவிட்டேன். பெரிய தியாகம்தான்! இனி எங்கள் ஊரில் ஒருத்தரும் பேர் சொல்லமாட்டார்கள். எல்லாரும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார்கள்.

ஜூன் 22 – ஞாயிறு

கூடுவாஞ்சேரி போனேன். சொல்லாமல்தான் போனேன்; சொன்னால் வேண்டாம் என்பாளோ என்று பயம்.

ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். அக்கா வந்தாள். இளைத்திருக்கிறாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன், வந்தது. பிறகு அதை அடக்கிக்கொண்டாள்.

"சாப்டியா?"

"இல்ல."

வாட்ச்மேன் பெரிய நோட்டை என் பக்கம் தள்ளினார். "பேரு, ஊரு, பாக்க வந்தவங்களுக்கு இன்னா உறவு, எல்லாம் எழுதுங்க." நான் பேனாவை எடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ எழுதாத. நான் எழுதறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சுடும், கையை வைக்காதே என்று அடுப்படியில் சொல்வாளே, அந்தக் குரல். ஐந்தாவது வரை படித்தவள். குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஹெலன். சதுரங்கப்பட்டினம். பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

'தங்கச்சி' என்று போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவள் 'ஊர்க்காரப் பொண்ணு' என்று எழுதினாள். அதை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே கூட்டிப்போய் நாலு இட்லி வைத்தாள். வடைகறி அங்கே போடுவதில்லையாம், சாம்பார்தான். நான் குனிந்த தலை நிமிராமல் தின்றேன். இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வைத்தாள்.