வீணாக்காத வீடு

படப்பை
11-8-1991

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

நீயும் குழந்தை பூஜாவும் சுகம் என்று உன் அண்ணன் ரகுபதி பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார். அதை நீயே ஒரு கார்டில் எழுதியிருக்கலாம். மே மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனவள், மூன்று மாதமாகிறது.

கிணற்றில் தண்ணீர் இன்னும் இரண்டு உறை இறங்கிவிட்டது. எங்கள் கம்பெனியிலோ லாரி நிற்கிற சிமெண்ட் தரையைக்கூடத் தினமும் குழாய் போட்டுக் கழுவுகிறார்கள். எலக்ட்ரீஷியன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மோட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அது கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வயிறு எரிகிறது. நம் வீட்டிலாவது ஒழுங்காக இருப்போம் என்றுதான் சொன்னேன். குளிக்க ஒரு வாளி, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, கடைக்குத் துணிப்பை, ஆளில்லாத அறையில் விளக்கு வேண்டாம். இதில் எது தப்பு? பூஜா பெரியவளாகும்போது கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டாமா?

வாழை குலை தள்ளியிருக்கிறது. வந்துவிடு.

அன்புடன்,
புருஷோத்தமன்

---

ஸ்ரீபெரும்புதூர்
19-8-1991

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். பூஜா தவழப் பார்க்கிறாள். மூக்கு உங்களுடையதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பாவம் என்றேன்.

நீங்கள் எழுதியதில் எதுவும் தப்பில்லை. இங்கேயும் அரிசி கழுவின தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது. கடைக்கு மஞ்சள் பையோடுதான் போகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்கிறேன்.

ஆனால் கத்திரி வெயிலில், நான் ஃபேனைப் போட்டபடி தூங்கிவிடுவேன் என்று, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனீர்களே, அதை ஏன் எழுதவில்லை? மூன்று மாதக் குழந்தை. எட்டு மணி நேரம் விசிறி மட்டையால் விசிறினேன். சாயந்தரம் பார்த்தால் முதுகு முழுக்க வேர்க்குரு, உடம்பு கொதிக்கிறது. நீங்கள் வந்ததும் முதலில் வாளியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் பார்த்தீர்கள். அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது மாமா. அந்த வீட்டில் சொம்பைக் கையில் எடுத்தாலே பின்னால் நீங்கள் நிற்கிற மாதிரி இருக்கும், நீங்கள் கம்பெனியில் இருந்தாலும்.

அண்ணியிடம் சொன்னேன். "குடிக்கிறாரா, அடிக்கிறாரா? தண்ணிய பாத்து ஊத்துன்னு சொல்ற புருசன் எத்தினி பேருக்குக் கெடைக்கிறான்?" என்கிறார். நான் எதைச் சொல்லி அழுவது?

இனிமேல் அளக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அன்றைக்கே வருகிறேன்.

உங்கள்,
மஞ்சுளா

---

படப்பை
1-9-1991

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஃபியூஸ் கட்டையை எடுத்துப் போனது தப்புதான். இனி தொட மாட்டேன், சத்தியம்.

சண்டை எதனால் வருகிறது என்று யோசித்தேன். நான் வாயால் சொல்வதுதான் உனக்கு வலிக்கிறது. இனி சொல்லவே மாட்டேன். ஒரு காலண்டர் அட்டையில் எல்லாவற்றையும் அழகாக எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டேன். எதற்கு எத்தனை சொம்பு, ஃபேன் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எல்லாம் இருக்கிறது. பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நீயே டிக் போட்டுக்கொள்ளலாம். பூஜா பெயரிலும் ஒரு கட்டம் உண்டு. சாயந்தரம் ஒருமுறை பார்ப்பதோடு சரி, வாயே திறக்க மாட்டேன்.

ரகுபதிக்கும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று.

ஆவலுடன்,
புருஷோத்தமன்

---

ஸ்ரீபெரும்புதூர்
9-9-1991

மாமாவுக்கு,

அண்ணனுக்கு நீங்கள் எழுதியது வந்தது. "இன்னா மஞ்சு, மனுசன் தப்புன்னு ஒத்துகினாரு. இன்னும் இன்னா வோணும் ஒனக்கு? வெள்ளிக்கெழம கொண்டாந்து வுட்டுடறேன். அதான் உன் வூடு" என்றார். அண்ணி அதற்குள் பூஜாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நாங்கள் படுக்கிற மூலையில் நெல் மூட்டையை இறக்கியாயிற்று. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் இடம் வேண்டும்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அது எங்கேயும் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் லீவு போட வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டுக் கங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அந்த அட்டையில் இடம் மிச்சமிருந்தால், நான் அழுவதற்கும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிவையுங்கள். பூஜா தூங்குகிற நேரமாக இருக்கட்டும்.

மஞ்சுளா