தானாக அணையும் விளக்கு

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள பெனிக்னா அக்காவுக்கு, லீமாவிலிருந்து தங்கை எபிபானியா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். கொஞ்சம் இருமல்தான், பயப்படாதே.

நாடக அரங்கில் லைட் போர்டில் நான்தான் உட்காருகிறேன். மேடை விளக்கு எவ்வளவு நேரத்தில் மெல்ல மங்கி அணைய வேண்டும் என்று அதில் ஒரு தடவை பதிந்துவிட்டால், தினமும் தானாக அப்படியே அணையும். நான் நேரத்தை ஜெபம் சொல்லித்தான் அளப்பேன்.

புது நாடகத்தில் ஒரு தாய் சாகிறாள். ஒத்திகையில் அவள் முகத்து விளக்கு அணைய ஒரு 'அருள் நிறைந்த மரியே' போதும் என்று ஆரம்பித்தேன். நம் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மண்சரிவில் பாதை அடைபட்டு அவள் அடக்கத்துக்கு என்னால் வர முடியாமல் போயிற்றே. ஒன்றோடு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

தாயாக நடித்து மேடையில் பிணமாகக் கிடந்த ரொசௌரா முனகினாள்: "அத்தை, இன்னும் எவ்வளவு நேரம் செத்துக் கிடக்கிறது? மூக்கு அரிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இயக்குநர் லெயாந்த்ரோ, "ஜனங்க வீட்டுக்குப் போகணும் அத்தை, அந்தம்மாவச் சீக்கிரம் அனுப்பி வைங்க" என்றார்.

குறைத்துவிட்டேன். இப்போது தினமும் பாதி ஜெபத்திலேயே இருட்டிவிடுகிறது. மீதியை இருட்டில் சொல்லி முடிக்கிறேன்.

இருமலுக்கு முன்யா இலை கொஞ்சம் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. அம்மாவின் கம்பளிச் சால்வையை யாரும் எடுக்கவில்லை என்றால் அதையும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நாடகம் தொடங்க முதல் மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும், அக்கா. கல்லறைத் திருநாளன்று எனக்காக அம்மா தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. கிளம்பும்போது ஊதி அணைத்துவிடாதே. அது தானாக எரிந்து முடியட்டும்.

உன் தங்கை,
எபிபானியா