வேர்க்குருப் பவுடரும் துத்தநாகமும்

12 ஜூலை 1983, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் இயந்திரத்துக்கு மட்டும்தான். மனிதர்களை வேகவிடுகிறார்கள். அமிலம் கொதிக்கும் அறையில் நானும் பிலோமினா அக்காவும். கழுத்தெல்லாம் வேர்க்குரு, அதன்மேல் பவுடர்.

மார்பகக் கட்டி, சினைப்பைக் கட்டித் திசுக்களில் துத்தநாகம், செம்பு எவ்வளவு என்று அளப்பது எங்கள் வேலை. இன்று திசுவே போடாத வெற்றுக் குழாயில் துத்தநாகம்! உள்ளே வெறும் அமிலம். செம்பு துளியும் இல்லை, அது ஒழுங்கு.

ஆய்வை நடத்தும் டாக்டர் சண்முகம் என்னை முறைத்தார். "குழாயச் சரியா கழுவினியா சுந்தரி?"

கழுவினேன். கைத்தோல் உரிய.

திங்கட்கிழமை பெரிய டாக்டர்கள் முன்னால் பேசப்போகிறார், கட்டியில் துத்தநாகம் அதிகம் என்று. கட்டியிலா, எங்கள் அறையிலா?

வாங்க: சோப்பு, அம்மாவுக்குத் தைலம்.

13, புதன்

மழை. அப்படியும் புழுக்கம்.

அமிலம் புதுசு. குழாய் புதுசு. தண்ணீரும் மாற்றியாயிற்று. அதே கதை.

மத்தியானம் டாக்டர் முகம் கழுவிவிட்டு வந்தார். காலரெல்லாம் வெள்ளை.

அக்கா என் காதில், "நம்ம பவுடர்தான் லா. அதே டின்னு."

அவர் காதிலும் விழுந்துவிட்டது. சிரிக்கவில்லை. டின்னை வாங்கித் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். ஜிங்க் ஆக்சைடு. அதாவது துத்தநாகம்.

மூன்று பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்தோம். மூன்றும் வெள்ளை.

"அட ஆண்டவரே, கேன்சரையா அளந்தோம்? நம்ம முதுகையில்ல அளந்திருக்கோம்!" என்றார் அக்கா.

டாக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

15, வெள்ளி

பவுடருக்குத் தடை. நேற்று முழுக்க அறையை ஈரத்துணியால் துடைத்தோம். பொடியைக் கிளப்பிக் குழாய்க்குள் இறக்கிய கூரை விசிறி உட்பட.

காலையில் எங்கள் ஆங் மோ கியோ பேட்டைப் பேருந்தில் கீழ்வீட்டு சரோஜா அக்கா: "என்னடி, மூஞ்சி களையே இல்ல? மாப்பிள்ள வீட்ல வேணாம்னுட்டாங்களா?"

"நாந்தான் வேணாம்னுட்டேன். பவுடர."

வெற்றுக் குழாய் சுத்தம்! இயந்திரத்தின் முள் அசையவே இல்லை. பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் கத்தியதில் பக்கத்து அறைச் சீனர் எட்டிப் பார்த்தார். டாக்டர் எல்லோருக்கும் கறிபஃப் வாங்கினார். ஆளுக்கொரு சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே தின்றோம். இந்த அறையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

18, திங்கள்

மேகமூட்டம்.

டாக்டர் புது டை. கையில் பேச்சுக்கான ஸ்லைடு படத்தட்டு. ஸ்லைடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் பழைய எண்கள்.

"டாக்டர், இது பவுடர் நம்பரு."

"இன்னிக்கு இதுதான் இருக்கு, சுந்தரி. மாத்த நேரமில்ல."

லிஃப்ட் வரை கூடவே போனேன்.

"மிச்சத் திசு ஃப்ரீசர்ல இருக்கு. பொம்பளைங்க உடம்புலேருந்து அறுத்து எடுத்தது, டாக்டர். மறுபடி அளந்து தரேன், ராவும் பகலும் நின்னு. இன்னிக்குப் பேசாதீங்க. தப்பா போச்சுன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

லிஃப்ட் வந்தது. படத்தட்டோடு ஏறினார்.