டைட்டில் பாட்டில் இல்லாத குரல்

3 ஜூன் 2025, செவ்வாய்
மிக்ஸிங் முடிந்தது. பத்தொன்பது வருடமாக இந்த சேனலில் தயாரிப்பாளர், கூடவே இசையமைப்பாளர். பதினோரு சீரியலுக்கு டைட்டில் பாட்டு போட்டிருக்கிறேன். முதல் பத்தையும் மறுபடி கேட்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். இது வேறு. தேயிலைத் தோட்டக் கதை. மலையாள சீரியலில் தமிழ்ப் பாட்டு. பாடியவர் சந்தனமேரி, ஏலப்பாறையில் கொழுந்து பறிப்பவர், வயது ஐம்பத்திரண்டு. லொகேஷன் பார்க்கப் போனபோது அங்கே சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தார். கொச்சிக்கு வரவழைத்துப் பதிவு செய்தேன். கிளம்பும்போது, "எம் பேரு டிவில வருமா ஸார்?" என்றார். கண்டிப்பாக வரும் என்றேன்.

9 ஜூன், திங்கள்
இன்று முதல் எபிசோட். வேறு குரல்!
என் மெட்டு, என் வரிகள், பாடுவது வேறு யாரோ. 'பாடியவர்: ஜிஸ்மி' என்று வருகிறது. பாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண். மலைச்சரிவில் கூடை சுமக்கிறவளின் பாட்டை ஐஸ்கிரீம் விளம்பரம் மாதிரிப் பாடியிருக்கிறாள். அடுத்த கார்டில் என் பெயர், 'இசை: மோகனசுந்தரம்'. எவ்வளவு பெரிய எழுத்து!
நிகழ்ச்சித் தலைவர் ஜிபிக்கு போன் போட்டேன். "சாரே, அந்தம்மா குரல் ரொம்பக் கரகரப்பு. ஏழு மணிக்குக் குடும்பம் உட்கார்ந்து பார்க்கற நேரம்" என்கிறான். குடும்பமா? தேயிலை பறிக்கிறவளுக்குக் குடும்பம் கிடையாதாடா?

10 ஜூன்
சந்தனமேரி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

12 ஜூன், வியாழன்
லீவு போட்டுவிட்டுக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி பிரதீபாவிடம் ஜிபியைத் திட்டித் தீர்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, அந்தம்மா எட்டு வாட்டி கூப்பிட்டிருக்குதுங்க. ஜிபி மேல கோவம்னா இவிங்க போனை எடுக்கறதுக்கு என்னங்க?"
கத்திவிட்டேன். உனக்கு என்ன தெரியும் என்றேன். அவளுக்குத் தெரிந்ததுதான் பிரச்சினை.

14 ஜூன், சனி
ஏலப்பாறை போனேன். மழை. சந்தனமேரி தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே கூப்பிடவில்லை.
"லயத்துல அத்தன பேரையும் எங்க வீட்டுல உக்கார வச்சேன் ஸார். சூப்பர்வைசர் கூட வந்தாரு. பாட்டு வந்துச்சு. எல்லாரும் டிவிய விட்டுட்டு என்னையப் பாத்தாக. இப்ப கொழுந்து எடைபோடுற எடத்துல பாட்டுக்காரின்னு கூப்புட்டுச் சிரிக்காக."
என் பாட்டையும்தான் கெடுத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன்.
"உங்க பேரு வந்துச்சுல்ல?"
மன்னிப்புக் கேட்டேன்.
"அத இங்க மழைல நின்னு சொல்லாதீக. பொய்யி டிவில வந்துச்சு. நெசமும் அதுலயே வரட்டும்."
கதவைச் சாத்திக்கொண்டார்.

17 ஜூன், செவ்வாய்
ஜிபியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். மேஜையைக் குத்தினேன். அவன் குரலையே உயர்த்தவில்லை; கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். ஜூன் 5-ஆம் தேதி எனக்கு வந்த மெயில்: 'டைட்டில் பாட்டின் குரலில் மாற்றம்.' கீழே என் பதில்: ஓகே.
படிக்கவில்லை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் படித்தேன். பாதி படித்தேன். கேட்டால் சண்டை வரும், ஒளிபரப்பு தள்ளிப்போகும் — வேண்டாமென்று விட்டேன்.
சீ.

22 ஜூன், ஞாயிறு
காலை ஒன்பது மணி நேரலை இசை நிகழ்ச்சி. நான்தான் தயாரிப்பாளர். இடைவேளை முடிந்ததும் கேமரா முன்னால் போய் நின்றேன். மூன்றே வாக்கியம்: "எங்கள் சீரியலின் டைட்டில் பாட்டை முதலில் பாடியவர் ஏலப்பாறை சந்தனமேரி. அவருடைய குரலை எடுத்துவிட்டோம். அதற்கு நானும் சம்மதித்தேன்."
அவருடைய பாட்டைப் போட்டேன். கட் பண்ணச் சொல்லி ஜிபி கன்ட்ரோல் ரூம் போனில் அலறியது எனக்கே கேட்டது. அங்கே பட்டனை அழுத்த வேண்டிய எடிட்டர் ஷைஜு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு முழுக்கப் போனது.

23 ஜூன்
சஸ்பென்ஷன் ஆர்டர். அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள்.

25 ஜூன், புதன்
சந்தனமேரியிடமிருந்து போன் இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? நன்றி சொல்லவா? எதிர்பார்க்கிறேன் பார், அதற்கே என்னை அறையலாம்.

27 ஜூன், வெள்ளி
மத்தியானம் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன். நன்றி, வருத்தம், எதுவும் இல்லை.
"ஞாயித்துக்கெழம கேட்டேன் ஸார். ரெண்டாவது அடில சுதி எறங்கிருச்சு. அன்னைக்கு பஸ்ல குளிர்காத்து, தொண்ட கட்டிப்போச்சு. இன்னொரு வாட்டி எடுப்பமா?"
எனக்கு இப்போது ஸ்டூடியோவே கிடையாது என்றேன்.
"சர்ச்சுல எடுப்போம். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சா ஆளு இருக்காது. மிசினத் தூக்கிட்டு வாங்க."
வைத்துவிட்டார்.
பாட்டைப் போட்டுக் கேட்டேன். சுதி இறங்கித்தான் இருக்கிறது. எத்தனை தடவை மிக்ஸ் செய்தேன், என் காதில் விழவில்லை.
நாளைக் காலை ஏலப்பாறை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.